தம்பி உள்ளே போன நாளிலிருந்து உடன் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் தம்பிக்கு ஐந்து ஆண்டு தண்டனை சொல்லி நாளையோடு நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. நேரில் சொல்லலாம் என்று வந்தால் அழுகைதான் முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். பெயர் யாருக்கும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

கோவில் கொடைத் திருவிழாவில் நடந்த சண்டையில் என் தம்பி செய்தது தப்பு. அடிபட்டவருக்கு இன்றைக்கும் வலது கை முழுசாக மடங்காது. அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு மனம் வரவில்லை. தப்பு செய்தவன் வீடு என்று தெரிந்தும் எங்கள் படியேறி வந்தீர்கள்.

தீர்ப்பு அன்று கோர்ட் வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் மரம் மாதிரி நின்றோம். வக்கீல் ஐயாவின் குமாஸ்தா அண்ணன்தான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "வாட்ச், மோதிரம், செல்போன், இடுப்பில கெடக்க வெள்ளி எல்லாத்தையும் இப்பவே கழட்டி வாங்கிக்கோங்க. உள்ள போனா எதையும் வச்சுக்க விடமாட்டாங்க." தம்பி சட்டையைத் தூக்கி அரைஞாணை அவிழ்க்கப் பார்த்தான். கை நடுங்கி முடிச்சு அவிழவில்லை. அம்மா குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். இப்போது அது அடுப்படியில் கடுகு டப்பாவுக்குள் இருக்கிறது. அண்ணன் அந்த நேரத்தில் சொல்லாவிட்டால் அவனைக் கடைசியாகத் தொட்டுப் பேசிய அந்த ஐந்து நிமிஷமும் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

மருந்துக்கடை அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்ல? தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் இரவும் மாத்திரை தப்பக் கூடாது. உள்ளே போனால் யார் கொடுப்பார்கள் என்ற பயம் எனக்குத் தண்டனையை விடப் பெரிசாக இருந்தது. தீர்ப்புக்கு முந்தின ராத்திரி கடை சாத்துகிற நேரத்தில் அண்ணாச்சி என்னை உட்காரவைத்து, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினார். "இதைக் கொண்டுபோய் டாக்டர்ட்ட கையெழுத்து வாங்கு தாயி. நாலு ஜெராக்ஸ் எடு. வக்கீலுக்கு ஒண்ணு, கோர்ட்டுக்கு ஒண்ணு, ஜெயிலுக்கு ஒண்ணு, ஒன்கிட்ட ஒண்ணு" என்றார். அந்தத் தாளை வைத்துத்தான் வக்கீல் ஐயா நீதிபதியிடம் கேட்டார். சிறை மருத்துவர் பார்த்து மருந்து தர வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதினார்கள். ஜெயிலில் எழுதிக் கொடுத்துப் பார்ப்பதை மனு என்போம். முதல் மனுவில் நான் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை குடுக்காங்களால?" என்பதுதான். "குடுக்காங்கக்கா, ராத்திரி வார்டரே கூப்ட்டுக் குடுக்காரு" என்றான். அந்த வார்டர் யாரென்று தெரியாது. அவருக்கும் நன்றி.

ஒருவர் வீட்டுக்கே வந்து, முப்பதாயிரம் கொடுத்தால் உள்ளே எல்லா வசதியும் செய்து தருவதாகச் சொன்னார். நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டோம். ஆட்டோ அண்ணன் மட்டும் வண்டியை நகை அடகுக் கடைக்கு விடாமல் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வாசலில் நிறுத்தினார். காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறதாம். அங்கே இருந்த தன்னார்வலர் தங்கச்சி, என்னை விடப் பத்து வயசு இளையவள், ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள். தீர்ப்பு நகலைத் தண்டனை பெற்றவருக்குக் காசு வாங்காமல் தர வேண்டும். ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 60 நாள்தான். விசாரணையின்போது ரிமாண்டில் இருந்த 42 நாளும் தண்டனையில் கழியும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் மேல்முறையீட்டை அனுப்பலாம். 51ஆம் நாள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் எங்கள் மேல்முறையீடு பதிவானது. இந்த நிலைமையில் நிற்கிற வேறு யாராவது இதைப் படித்தால், 15100 என்ற எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள். அதற்குக் காசு கிடையாது.

அப்புறம் எங்கள் தெரு. பீடி சுற்றுகிற அம்மா பீடித்தட்டைத் தொட்டே இருபது நாள் ஆகியிருந்தது. பீடிக் கணக்கு விட்டுப்போனால் பாஸ் புத்தகமும் பி.எஃப்பும் என்ன ஆகும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு இருநூறு பீடி சேர்த்துச் சுற்றி, அம்மா பெயரில் பீடிக்கடையில் போட்டிருக்கிறீர்கள். எங்களிடம் சொல்லவே இல்லை. சனிக்கிழமை கூலியை மதினி கொண்டுவந்து கொடுத்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலை அம்மா தானாகவே பீடி இலை வெட்டும் கத்தரியைத் தேடி எடுத்தாள்.

அம்மா முதல் தடவை பீடிக்கடைக்குப் போன அன்று பெஞ்சில் அடிபட்டவரின் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். அம்மா திரும்பிவிடப் பார்த்தாள். அவர்கள் ஒன்றும் பேசவில்லை, சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். பெரியம்மா, உங்களுக்கு நன்றி என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அதை நாங்கள் மறக்கவில்லை.

தபால்கார அண்ணனுக்கு ஒரு வார்த்தை. தம்பியின் கடிதங்களில் சிறை முத்திரை இருக்கும். வாசலில் யார் நின்றாலும் முத்திரைப் பக்கத்தைக் கீழே வைத்துத்தான் என் கையில் கொடுக்கிறீர்கள். ஒரு தடவைகூட தவறியதில்லை.

கடைசியாக, பாளையங்கோட்டை ஜெயில் வாசலில் பார்த்த ஆச்சிக்கு. முதல் மனு அன்று வெயிலில் எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன். "ஏட்டி, அழுகையை அப்புறம் வச்சுக்கோ. ஆதார் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டு, வரிசையில் உங்களுக்கு முன்னால் நிறுத்தினீர்கள். தண்டனைக் கைதி ஆனபின் ரிமாண்டில் இருந்தபோது மாதிரி அடிக்கடி பார்க்க முடியாது, அதனால் என்ன பேச வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள், உள்ளே சத்தத்தில் எல்லாம் மறந்துபோகும் என்றீர்கள். மகனைப் பார்க்க ஒன்பது வருஷமாக வருவதாகச் சொன்னீர்கள். பேர் கூப்பிட்டதும் நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது உங்களைக் காணோம்.

ஆச்சி, உங்கள் நீலக் குடை என்னிடம் இருக்கிறது. ஒரு கம்பி விட்டிருந்தது, தைத்துவிட்டேன். ஒவ்வொரு மனுவுக்கும் கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் அக்கா