அவர்களே சொல்லட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தம்பிக்கு ஆட்டிசம். யாராவது நாற்காலியைத் தரையில் இழுத்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று அம்மாவிடம் சொல்லாத உறவினர் இல்லை.

அப்புறம்தான் டெம்பிள் கிராண்டின் எழுதியதைப் படித்தேன். ஆட்டிசம் உள்ளவர், விலங்கு அறிவியல் பேராசிரியர். சிறுவயதில் பள்ளி மணிச் சத்தம் அவருக்குப் பல் மருத்துவரின் ட்ரில் நரம்பில் பட்டதுபோல் வலித்ததாம். அடம் என்று நாங்கள் நினைத்தது வலி! அதைப் படித்த அன்றே நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினோம்.

மாற்றுத்திறனாளிகள் என்றாலே பரிதாபக் கதை, இல்லாவிட்டால் சாதனைக் கதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறதே! வேலை தேடியது, நண்பரோடு சண்டை போட்டது, சும்மா சோர்ந்து கிடந்தது எல்லாம் அச்சில் வர வேண்டும். தப்பெண்ணங்களைக் களைவதில் ஊடகங்களுக்கும் பங்கு உண்டு என்று 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவே சொல்கிறது.

பெற்றோரையும் மருத்துவரையும் மட்டும் கேட்காமல் மாற்றுத்திறனாளிகளையே எழுதச் சொல்லுங்கள். பேச வராதவர் தட்டச்சு செய்வார், படம் காட்டிச் சொல்வார். கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும். அச்சேறும் முன் அவர்களிடம் ஒருமுறை காட்டிச் சம்மதமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி