ஃபோர்மன் போனார், பேரன் குத்துச்சண்டைக்குப் போகிறான்

வலங்கைமான்
30.3.2025

மாப்ளே,

உன் ஆளு போய்ட்டாரு. பேப்பர்ல பாத்திருப்பே. குத்துச்சண்டை சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன், 76 வயசு, மார்ச் 21. படிச்ச உடனே உனக்குப் போன் போடத்தான் கையில எடுத்தேன். போன்ல நீ என்னைப் பேச விடமாட்டே, அதனால கடுதாசி. இதுல நீ குறுக்க விழ முடியாது.

இங்க எல்லாரும் சௌக்கியம். சம்பா பரவாயில்ல. உளுந்து பறிக்கத்தான் ஆள் கிடைக்கல. பட்டாணி மகளுக்கு வரன் அமைஞ்சிடுச்சு, பத்திரிகை வரும். டெய்லர் மாமா கடையை மூடிட்டார். அந்த பெஞ்சை மட்டும் யாருக்கும் கொடுக்காம வீட்டுத் திண்ணையில போட்டு வச்சிருக்கார்.

அந்த பெஞ்சுல 1988-ல ஆரம்பிச்ச வழக்கு ஒண்ணு பாக்கி இருக்குல்ல, இப்ப அதை முடிச்சிடுவோம். மைக் டைசன், மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில சாய்ச்ச அந்த வாரம் நீ எழுந்து நின்னு சொன்னே: "எங்க ஆளு ஃபோர்மன் முன்னாடி இவன் நாலு ரவுண்டு நிக்கமாட்டான்." ஊரே சிரிச்சுது. நான் சிரிக்கல, அதை ஞாபகம் வச்சுக்க. 1973 ஜனவரியில கிங்ஸ்டன்ல ஃபோர்மன், ஜோ ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழ போட்டார். ஃப்ரேசியர் எப்படிப்பட்டவர்? குட்டை, குனிஞ்சு குனிஞ்சு உள்ள வருவார், இடது கொக்கிக் குத்துதான் ஆயுதம். டைசனும் அதே வார்ப்பு. குனிஞ்சு வர்ற ஆளுக்குக் கீழேயிருந்து மேல வர்ற ஃபோர்மனோட அந்தக் குத்துதான் எமன். ஒரே ஒரு வித்தியாசம்: ஃப்ரேசியர் சூடு பிடிக்க ரெண்டு மூணு ரவுண்டு ஆகும், டைசன் மணி அடிச்ச நொடியே கொதிப்பான். அதனால முதல் ரவுண்டு டைசனுக்கு. அதைத் தாண்டிட்டா உன் ஆளுக்கு. நாலாவது ரவுண்டுன்னு எழுதிக்க.

ஆனா இதை வச்சுக்கிட்டு நீ உடனே ஃபோர்மன்தான் எல்லாருக்கும் மேலன்னு ஏறி உக்காந்துடுவே. அங்கதான் எனக்குக் கோபம் வரும். ஃபோர்மன் ஃப்ரேசியரை நொறுக்கினார். அந்த ஃப்ரேசியர்தான் 1971 மார்ச் 8-ல முகமது அலியைக் கீழ தள்ளி ஜெயிச்சார். அந்த அலி 1974-ல கின்ஷாசாவுல ஃபோர்மனை எட்டாவது ரவுண்டுல படுக்க வச்சார். மூணு பேரையும் வரிசையில நிறுத்திப் பாரு, வட்டம்தான் வரும். யாரு பெரியவன்னு பட்டியல் போடுறதே வீண் வேலை மாப்ளே. யாரு பாணிக்கு யாரு பாணி ஒத்துவரும், ஒத்துவராது, கேள்வி அவ்வளவுதான்.

கின்ஷாசாவுல ரிங்கு கயிறு தளர்வா இருந்ததாலதான் ஃபோர்மன் தோத்தார்னு இன்னும் சொல்லாதே. 40 சண்டையில 40 வெற்றி, அதுல 37 நாக்அவுட்டு. அப்படி வந்த 25 வயசுப் பையன் அன்னைக்குக் கை ஓயுற மட்டும் அடிச்சான், எதிராளி அலி வாங்கிக்கிட்டே காதுல பேசிக்கிட்டு இருந்தான். கயிறா ஜெயிச்சுது? உன் ஆளு அதைவிடப் பெரிய காரியம் ஒண்ணு பண்ணார். 20 வருஷம் கழிச்சு, 45 வயசுல, கின்ஷாசாவுல போட்ட அதே சிவப்புக் கால்சட்டையோட வந்து, பாயிண்ட்ல தோத்துக்கிட்டே இருந்து, பத்தாவது ரவுண்டுல சாம்பியன் மைக்கேல் மூரரைச் சாய்ச்சார். அன்னைக்கு அவர் மூலையில பயிற்சியாளரா நின்னவர் ஏஞ்சலோ டண்டி, கின்ஷாசாவுல அலி மூலையில நின்ன அதே ஆள். இதை நினைச்சா எனக்கு இப்பவும் மயிர்க்கூச்செறியும்.

இன்னொண்ணு. காலத்தை மாத்தி ஆளைக் கொண்டுவந்தா எந்தக் காலத்துச் சட்டத்துல சண்டை போட வைப்பே? 1919-ல ஜாக் டெம்ப்சி, ஜெஸ் வில்லர்டை விழவிழப் பக்கத்துலயே நின்னு, எந்திரிக்க எந்திரிக்க அடிச்சார். 1927-ல அதே டெம்ப்சி டன்னியை விழ வச்சார். அதுக்குள்ள, விழ வச்சவன் தூரத்து மூலைக்குப் போனாத்தான் விழுந்தவனுக்குப் பத்து எண்ணுவோம்னு விதி வந்துடுச்சு. போகத் தாமதம் பண்ணார், டன்னிக்கு மூச்சு திரும்பிடுச்சு. ரவுண்டு கணக்கு அதைவிட மோசம், அப்பல்லாம் 15 ரவுண்டு. 1941-ல ஜோ லூயிஸ் 12 ரவுண்டு முடியுறப்ப பில்லி கான் கிட்ட பின்தங்கி இருந்தார், 13-ல நாக்அவுட். 1952-ல மார்சியானோவும் வால்காட் கிட்ட அப்படியே, 13-ல ஒரே வலதுகைக் குத்து. இன்னைக்கு மாதிரி 12 ரவுண்டுன்னா கான் சாம்பியன், மார்சியானோவோட 49-0, அதாவது தோல்வியே இல்லாத 49 வெற்றி, கிடையவே கிடையாது. மார்சியானோ எடை 84 கிலோ சொச்சம். இன்னைக்குக் கணக்குல அது பெரிய ஆளுங்க ஆடுற ஹெவிவெயிட்டு எடையே இல்ல, அதுக்குக் கீழ்ப் பிரிவான குரூசர்வெயிட்டு எடைதான். 6 அடி 9 அங்குல டைசன் ஃப்யூரி எதிர்ல அவரை நிறுத்துறது நியாயமா? ஆனா அந்தக் குரூசர்வெயிட்டுலேர்ந்து மேல வந்த உசிக் அதே ஃப்யூரியை 2024-ல ரெண்டு தடவை ஜெயிச்சுட்டாரே. உயரத்தை மட்டும் வச்சு நீ பேசாம இருக்க இது போதும்.

அலியையும் மார்சியானோவையும் 1969-ல மியாமியில கூட்டிவந்து, பொய்க்குத்து குத்த வச்சுப் படம் எடுத்தாங்களே, கம்ப்யூட்டர் தீர்ப்பு சொல்லும்னு. 45 வயசு மார்சியானோ உடம்பை இளைச்சு, தலையில டோப்பா வச்சுக்கிட்டு வந்தார். 13-வது ரவுண்டுல அவர் ஜெயிச்சதா 1970 ஜனவரியில அமெரிக்கத் தியேட்டர்ல காட்டினாங்க. அதைப் பாக்க அவர் உயிரோட இல்ல. ஆகஸ்டுலயே விமான விபத்துல போய்ட்டார். கம்ப்யூட்டரை விட டெய்லர் மாமா நல்ல தீர்ப்பு சொல்லுவார்.

எனக்குப் பிடிச்ச கற்பனைச் சண்டை லூயிஸ்-அலி. 1966-ல ஹூஸ்டன்ல கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூணு ரவுண்டுல முடிச்ச அலியைத்தான் எடுத்துக்குவேன். லூயிஸ் இடதுகையால குத்திட்டு அந்தக் கையைத் தாழ்த்துவார். 1936-ல ஷ்மெலிங் அதைக் கண்டுபிடிச்சுத்தான் வலதுகையை இறக்கினார். அலிக்கு அந்த வலதுகை மின்னல். ஆனா அலி கையைக் கீழ விட்டுட்டுத் தலையை நேரா பின்னால இழுப்பார், இடது கொக்கிக்குத் தோதா. கூப்பர் அப்படித்தான் அவரைச் சாய்ச்சார், ஃப்ரேசியரும் அப்படித்தான். லூயிஸ் ஒரு தடவை சாய்ப்பார், நிச்சயம். அலி எந்திரிப்பார். 15 ரவுண்டு, பாயிண்ட்ல அலி. கான் 12 ரவுண்டு பண்ணதை அவரைவிடப் பெரிய, வேகமான ஆளு 15 ரவுண்டும் பண்ணுவான். ஆனா மாப்ளே, 25 வயசுலேர்ந்து 28 வரைக்கும் இருந்த அலியை யாருமே பாக்கலையே. போருக்குப் போகமாட்டேன்னதுக்காக மூணரை வருஷம் ரிங்குல ஏற விடல. நம்ம கற்பனைக்குக் கூட அந்த ஆளு கிடைக்கமாட்டார்.

1980-ல அலி மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தப்ப உங்க அப்பா விடலைன்னு நீ மூணு நாள் சோறு திங்காம கிடந்தியே, அந்தக் கோபத்துலதான் நீ ஃபோர்மன் கட்சிக்குப் போனதா எனக்கு ஒரு சந்தேகம்.

இப்ப நான் எழுத வந்த விஷயம். என் பொண்ணோட பையன், தஞ்சாவூர்ல இருக்கானே, குத்துச்சண்டைப் பயிற்சியில சேந்துட்டான். 15 வயசு. போன வாரம் உதடு வீங்கி வந்தான். என் மடியில உக்காந்து இந்தக் கதையெல்லாம் கேட்டு வளந்த பையன். பொண்ணு என்கிட்ட ஒண்ணும் சொல்லல, என்னை ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். தலைக்கவசம் போட்டுத்தான் ஆடுறாங்க, நல்ல மாஸ்டர், எல்லாம் சரி. ஆனா 1996-ல அட்லாண்டாவுல அலி அந்தத் தீபத்தை ஏத்துறப்ப கை நடுங்குனதை நாம ரெண்டு பேரும் சேந்துதான் டிவியில பாத்தோம். மணிலாவுல அலியும் ஃப்ரேசியரும் மோதுனப்ப, ஃப்ரேசியரைக் கண் தெரியாம உக்கார வச்ச அதே 14 ரவுண்டு அலிக்குள்ளயும் என்ன பண்ணுச்சோ. பெஞ்சுல உக்காந்து நாம நடத்துன சண்டையில யாருக்கும் அடிபடல. இவனுக்குப் படுது.

வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவன் கண்ணுல இருக்குற வெளிச்சத்தை நான்தான் ஏத்துனேன். போகட்டும்னும் சொல்ல முடியல. நீ உன் பையனை ஒரு தடவை கபடியிலேர்ந்து நிறுத்துனே, அவன் ரெண்டு வருஷம் உன்கூடப் பேசலைன்னு சொல்லியிருக்கே. அது சரியா தப்பான்னு இப்ப உனக்கு என்ன தோணுது? சுத்தி வளைக்காம எழுது.

சித்திரையில வந்துடு, பட்டாணி வீட்டுக் கல்யாணத்தையும் பாத்த மாதிரி ஆச்சு. பையனும் லீவுல இங்கதான் இருப்பான். ஃபோர்மன்-டைசன் பத்தி அவன் உன்கிட்ட சண்டைக்கு நிக்கிறான். அவன் டைசன் கட்சி.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

உன்,
முத்து