ஆன்டிபாடி மட்டும் தான் எதிர்ப்பு சக்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எதிர்ப்பு சக்தி பத்தி உங்க ஞாயிறு இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். கிருமிய எதிர்க்க ரத்தத்துல வர்ற புரதமான ஆன்டிபாடி எப்படி உருவாகுது, தடுப்பூசி போட்டா எப்படி கூடுதுன்னு நல்லாவே எழுதியிருந்தாங்க, ஆனா முழு பக்கத்துலயும் டி செல்னு ஒரு வார்த்தை கூட இல்ல. கொரோனா சமயத்துலயும் இப்படித்தான், ஆன்டிபாடி கொறஞ்சுடுச்சுன்னு செய்தி வந்ததும் ஜனங்க காசு கட்டி டெஸ்ட் எடுத்து ரிசல்ட்ட பாத்து பயந்துகிட்டு இருந்தாங்க. நான் லேப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், இத சொல்லாம இருக்க முடியல.

டி செல், பி செல் ரெண்டுமே லிம்போசைட்ங்கற வெள்ளை அணு வகை தான். கண்ணாடில ரத்தத்த தேச்சு (ஸ்மியர்) சாதாரண மைக்ரோஸ்கோப்ல பாத்தா எது எதுன்னு பிரிக்கவே முடியாது, வேலை தான் வேற வேற. பி செல் எலும்பு மஜ்ஜைல உருவாகி, வெளிய சுத்துற கிருமிய அது இருக்கற உருவத்துலயே நேரா புடிக்கும், அப்புறம் பிளாஸ்மா செல்லா மாறி ஆன்டிபாடிய ரத்தத்துல கொட்டும். டி செல்லும் மஜ்ஜைல தான் தொடங்குது, ஆனா நெஞ்செலும்புக்கு பின்னாடி இருக்கற தைமஸ்ங்கற உறுப்புக்கு போய் அங்க தேறணும், நம்ம உடம்பையே தாக்கக்கூடியத பெரும்பாலும் அங்கயே அழிச்சிடும். வெளிய வந்த டி செல்லுக்கும் கிருமிய நேரா அடையாளம் தெரியாது, நம்ம செல் ஒண்ணு கிருமியோட புரதத்த துண்டாக்கி தன் மேல்பரப்புல காட்டினா தான் தெரியும். செல்லுக்குள்ள பூந்துட்ட வைரஸ ஆன்டிபாடியால தொட முடியாது, அப்போ கில்லர் டி செல் அந்த செல்லையே சேத்து அழிக்குது. ஹெல்பர் டி செல் சிக்னல் குடுத்தா தான் பி செல்லே பெரும்பாலான கிருமிக்கு நல்ல ஆன்டிபாடி பண்ணும், இது ரொம்ப பேருக்கு தெரியாது.

இப்படி ரெண்டு வகை செல் இருக்குன்னு கண்டுபுடிக்க உதவினது கோழிங்க. கோழிக்கு வால் பக்கத்துல பர்சான்னு ஒரு சின்ன பை இருக்கு, அத எடுத்துட்டா ஆன்டிபாடி சரியா வரலன்னு அமெரிக்காவுல புரூஸ் கிளிக் 1956ல எழுதினார், வெளியானது கோழி வளர்ப்பு பத்திரிகைல, அதனால டாக்டருங்க பல வருஷம் கவனிக்கவே இல்ல. 1961ல ஜாக் மில்லர் எலிக்குட்டிக்கு தைமஸ் எடுத்து பாத்தார், 1965ல மாக்ஸ் கூப்பர் குழு கோழிகள்ல பர்சா, தைமஸ் ரெண்டையும் தனித்தனியா எடுத்து, ரெண்டு வகை செல்லுக்கும் வேற வேற வேலைன்னு காட்டினாங்க. மில்லருக்கும் கூப்பருக்கும் 2019ல மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கெடைச்சுது, எனக்கு கேட்டா கிளிக் பேரையும் பள்ளிக்கூட புத்தகத்துல போடணும்.

நம்ம ஊருக்கு இதுல ரொம்ப முக்கியமானது டிபி. டிபி கிருமி, கிருமிய முழுங்கற மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளயே குடித்தனம் பண்ணும், அத கட்டுப்படுத்தறது முக்கியமா டி செல் தான். டிபி டெஸ்டுக்கு கைல போடற மாண்டூ ஊசி 48லேருந்து 72 மணி நேரம் கழிச்சு தடிக்குதே, அதுவும் டி செல்லோட வேலை தான், ஆன்டிபாடியா இருந்தா அவ்ளோ நேரம் காத்திருக்க வேண்டியதில்ல. ஆனா ரத்தத்துல ஆன்டிபாடி பாத்து டிபி சொல்ற டெஸ்ட்ட வருஷக்கணக்கா தனியார்ல எடுத்தாங்க, நோய் இல்லாதவங்களுக்கு இருக்குன்னும் இருக்கறவங்களுக்கு இல்லன்னும் வந்துச்சு, 2011ல உலக சுகாதார நிறுவனம் வேணாம்னு சொல்லி 2012ல இந்திய அரசு தடை பண்ணிச்சு. அதுவரைக்கும் எத்தன ஏழைங்க காச கரைச்சிருப்பாங்கன்னு நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

எச்ஐவி அழிக்கறது ஹெல்பர் டி செல்ல தான். எச்ஐவிக்கு மருந்து குடுக்கற ஏஆர்டி சென்டர்ல பாக்கற சிடி4 கவுண்ட் அந்த செல்லோட எண்ணிக்கை, அது 200க்கு கீழ போனா டிபி, இன்னும் என்னென்னவோ தொத்தும், கூடவே பி செல் வேலையும் கெட்டுப்போகும்.

அடுத்த தடவை டிபி பத்தி எழுதும்போது டி செல்லுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்க. ஆன்டிபாடி நம்பர மட்டும் வெச்சு பயப்படவும் வேணாம், தைரியமா திரியவும் வேணாம்னு டாக்டர் ஒருத்தர விட்டு எழுத வெச்சா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன், திருச்சி