லண்டன் 6 மணி நேரத்தில் வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சவாரியில் பாதி தேவனஹள்ளி விமான நிலையத்துக்குத்தான். அதனால், பெங்களூருவிலிருந்து எந்த ஊர் எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம் என்று தங்கள் நாளிதழில் வந்த பெட்டிச் செய்தியை ஆசையாகப் படித்தேன். லண்டனுக்குச் சுமார் 8,000 கி.மீ. என்பது சரி. பயண நேரம் 6 மணி என்பதுதான் இடிக்கிறது.

மதியம் 1.30க்குப் புறப்பட்டு இரவு 7.30க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருப்பதை அப்படியே கழித்துவிட்டார்கள் போல. புறப்பாடு நம் நேரம், சேர்வது அவர்கள் நேரம். கோடையில் லண்டன் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டினால் பத்தரை மணி நேரம். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும்.

இதில் என்ன குடி முழுகிப்போச்சு என்று கேட்கலாம். மகளை ஏற்றிவிட்டு வந்த அப்பா ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன் போடுகிறார்: "தம்பி, ஏழரைக்கே இறங்கியிருக்கணுமே, பாப்பா போனை எடுக்கலையே!" நம் கணக்குக்கு நடுராத்திரி 12 மணிக்குத்தான் சார் சக்கரம் தரையைத் தொடும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். பேப்பரில் வேறு அப்படிப் போட்டிருந்தால் நான் எங்கே போய்ச் சொல்வது?

அப்புறம், போக வர ஒரே நேரம் என்று போட்டதும் தப்பு. விமானம் பறக்கும் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பலமாக அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும். தூரம் அதேதான், ஆனால் திரும்பி வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும். தூரத்தை 900 கி.மீ. வேகத்தால் வகுத்தாலும் கணக்கு உதைக்கும். நிலையத்தில் விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை சேர்த்துத்தான் டிக்கெட்டில் நேரம் போடுகிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு வேறு கணக்கும் உண்டு. தேவனஹள்ளிக்கே ஏறக்குறைய 125 கி.மீ.; அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் எல்லாம் தாண்டி, 3 மணி நேரம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரட்டும், என் சவாரி குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால் அந்தந்த ஊர் நேரம் என்று குறிப்பிட்டு, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த வாரம் அதையும் ஒரு வரி போட்டால், ஆளை அழைத்துவரப் போகும் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
கிருஷ்ணகிரி.