தெப்பக்குளத்து மைக்செட் அண்ணனுக்கும், அன்று கைகொடுத்த எல்லோருக்கும்

என் மகன் நன்றாக இருக்கிறான். தெப்பத்தன்று ராத்திரியிலிருந்து விசாரித்து போன் வந்துகொண்டே இருப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மதுரைத் தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே நின்று பார்த்தவர்களும் உங்களில் உண்டு. அதை மறுபடி விரிவாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாவிக்கொத்தை அவன் கையில் திணிக்க வந்தவர்களைத் தடுத்து, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அண்டக்கொடுத்து, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நர்சிங் படிக்கும் தங்கைக்கு, கைகோத்து வளையமாக நின்று கூட்டத்தை அண்டவிடாமல் பார்த்துக்கொண்ட கல்லூரித் தம்பிகளுக்கு, வியாபாரத்தை விட்டுவிட்டுத் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொடுத்த சுண்டல் விற்கும் அம்மாவுக்கு, பந்தோபஸ்துக்கு நின்ற பெண் காவலருக்கு, காசு வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போன ஆட்டோ அண்ணனுக்கு... உங்கள் யார் பெயரும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு விளக்கு முன்னால் உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மைக்செட் அண்ணனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பையன் கண் திறந்துவிட்டான். ஆனால் அங்கிருந்து வெளியே போக வழி இல்லை. தெப்பக்குளம் எவ்வளவு பெரியது என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும்: ஏறக்குறைய 1000 அடி நீளம், 950 அடி அகலம். தடுப்புக் கட்டைகளைச் சுற்றி மறுகரைக்குப் போவதென்றால் அந்தக் கூட்டத்தில் ஆகிற காரியமில்லை. ஆட்டோ நின்றது காமராஜர் சாலைப் பக்கம். அங்கே போக ஒரே வழி, தலைக்கு மேலே வரிசையாக சீரியல் லைட் வளைவுகள் கட்டியிருந்த பாதை. எல்லாம் விட்டுவிட்டுப் பளிச் பளிச்சென்று மின்னுகிறவை. வலிப்பு உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி மின்னும் வெளிச்சமே வலிப்பைக் கொண்டுவந்துவிடும். நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னுவதுதான் பெரும்பாலும் ஆபத்து. என் மகன் அந்த 3 பேரில் ஒருவன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாலும் பயனில்லை, இமை வழியாக வெளிச்சம் உள்ளே போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொள்ளச் சொல்லித்தான் அவனைப் பழக்கியிருக்கிறோம். ஆனால் அப்போது அவனுக்குக் கையைத் தூக்கவே தெம்பில்லை. அவன் அப்பா தோளில் சாய்ந்து கிடந்தான்.

வளைவுக்கு முன்னால் நாங்கள் திகைத்து நின்றதை, கம்பத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அண்ணன் பார்த்தார். "என்னம்மா?" என்றார். "இந்த லைட்டு மின்னுனா இவனுக்கு ஆகாதுண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் மறுபேச்சு கேட்கவில்லை. எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினார். வரிசை முழுவதும் அணைந்தது. கூட்டத்தில் ஒரே கூச்சல், விசில். அவர் மைக்கை எடுத்து, "கரண்ட் போகலப்பா, உடம்பு முடியாத ஒரு பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க, வழி விடுங்க" என்றார். கூச்சல் போட்டவர்களே ஒதுங்கி நின்றார்கள். சிலர் செல்போன் டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் கடந்த பிறகு விளக்குகள் மறுபடி எரிந்தன, மின்னாமல். விளக்கை ஓடவைக்கிற பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்திருந்தார். இன்னொரு குழந்தைக்கும் இப்படி இருக்கலாமே என்று ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டாராம். சுண்டல்கார அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் போன பிறகு, யாரும் கேட்காமல் அவர் செய்த இந்தக் காரியத்தை நினைத்தால் எழுதும்போதே கண் கலங்குகிறது.

"இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். அக்கறையில் கேட்டதுதான், வருத்தமில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குளம் வறண்டு கிடக்கும். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தைப்பூசத்துக்கு நிலைத்தெப்பம்தான், மிதக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கும். இப்போது வைகைத் தண்ணீர் வந்து தெப்பம் மிதக்கிறது, கரையில் நின்று வடம் பிடித்து இழுக்கிறார்கள். மீனாட்சியும் சொக்கரும் தண்ணீர் மேல் மைய மண்டபத்தைச் சுற்றி வருவதை என் மகன் பார்க்க வேண்டாமா? கார்த்திகை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஊரே விளக்கு போடும் நாளில் எல்லாம் அவனைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரச் சொல்ல என்னால் முடியாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கூட்டத்தின் சத்தம் தாங்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான். பார்க்க ஆசை இருக்கும், போய்வர வழி இருக்காது.

விழா நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற பாதையில், ஒரு பக்கமாவது விளக்குகளை நிலையாக எரியவிடுங்கள். அன்று நிலையாக எரிந்ததில் விழாவின் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தப் பாதையிலேயே கூட்டம் நெரிக்காமல் ஒரு வண்டி வெளியே போகிற அளவு இடமும் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

அடுத்த தைக்கு நாங்கள் கண்டிப்பாக வருவோம். காலையில் தெப்பம் இரண்டு சுற்று வரும், அதற்கு அவனைக் கூட்டிவருகிறேன். ராத்திரிச் சுற்றை எங்காவது தள்ளி நின்று, மின்னுகிற விளக்கு கண் முழுக்க நிறையாத தூரத்திலிருந்து பார்ப்போம்.

அந்த மைக்செட் அண்ணனைத் தெரிந்தவர்கள் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மகனும் வருவேன் என்கிறான். விளக்கை ஓடவைக்கிற அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்க வேண்டுமாம்.