பிடியைக் கழற்றிக் காட்டுங்கள்

பழம்பொருள் ஏலம் நடத்துவோருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய வாள் எது வந்தாலும் 'சாமுராய் வாள்' என்றே பட்டியலில் போடுகிறீர்கள். உறையோடு ஒரு படம், உருவியபடி ஒரு படம். வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டிலும் இல்லை.

அதிகாரிகளின் வாளில் பிடியைக் கோத்து ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டியெடுத்தால் பிடி கழன்றுவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புதான் வாளின் ஜாதகம். செய்தவர் பெயர், சிலவற்றில் தேதி, முத்திரை எல்லாம் அங்கேதான். 'ஷோவா' (அன்றைய பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்) முத்திரை இருந்தால் மரபு முறையில் அடித்த வாள் அல்ல. நட்சத்திரம் இருந்தால் ராணுவம் அங்கீகரித்த கொல்லர் மரபான எஃகில் அடித்தது; விலையே வேறு. 1938ஆம் ஆண்டு வடிவமைப்பிலான ராணுவ உறைக்குள் பல தலைமுறை பழைய குடும்ப வாள் இருந்ததும் உண்டு. தயவுசெய்து அந்த இரும்பின் கருந்துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். வயதைச் சொல்வதே அதுதான்.

சார்ஜென்ட் போன்ற கீழ்நிலை அதிகாரிகளுக்கு அரசு வழங்கிய 1935ஆம் ஆண்டு வடிவமைப்பு வேறு வகை. பிடி உலோக வார்ப்பு, நாடா சுற்றியதுபோல வண்ணம் பூசியது. முதலில் செம்பு, பிறகு அலுமினியம். அலகில் வரிசை எண் இருக்கும். உறையில் உள்ள எண்ணையும் காட்டுங்கள். போலிகள் மிகுந்திருப்பது இந்த வகையில்தான்.

1946 பிப்ரவரியில் கோலாலம்பூரில் ஜப்பானிய ஜெனரல் இத்தகாகி தம் வாளைப் பிரிட்டிஷ் தளபதி மெஸ்ஸர்வியிடம் ஒப்படைத்தார். அப்படிச் சரணடைந்த வாள்கள் பல, நினைவுப்பொருளாகச் சிப்பாய்களோடு ஊர் போய்ச் சேர்ந்தன. சிலவற்றில் உரியவர் பெயரெழுதிய சீட்டு இன்னும் தொங்கும். அழுக்கு என்று அதை அறுத்தெறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 'தலைகளைக் கொய்த வாள்' என்று விளம்பரம் செய்கிறீர்களே, சான்று எங்கே? மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர் ஆண்ட அந்த ஆண்டுகளில் வாளுக்கு இரையானவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் உங்கள் பட்டியலைப் படிக்கிறார்கள். ஆவணம் இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பிடி இறுகிக் கழல மறுத்தால் சுத்தியலைத் தேடவேண்டாம். 'கழற்றிப் பார்க்கவில்லை' என்று எழுதுங்கள், அதற்கேற்ற விலையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாள் சேகரிக்கும் ஒருவன்