எமிரேட்ஸ் ஏன் நம்ம ஊருக்கு வருவதில்லை?

கே.கே. நகர்,
திருச்சி.

அன்புள்ள ரஃபீக்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. போன வாரம் அறந்தாங்கி பக்கம் போனபோது நேரிலேயே பார்த்துவிட்டு வந்தேன். தெம்பாகத்தான் இருக்கிறார். சொட்டு மருந்தை மட்டும் உன் தங்கை ஞாபகப்படுத்திப் போட்டுவிட வேண்டியிருக்கிறது. என் மகள் சிங்கப்பூரில் புது வேலைக்கு மாறிவிட்டாள். அவள் அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, வாரத்துக்கு ஒரு பார்சல் அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "திருச்சியில் இவ்வளவு பெரிய டெர்மினல் கட்டியிருக்கிறார்கள், நான் துபாயில் இருந்து வர அந்த ஊர்க் கம்பெனியான எமிரேட்ஸ் விமானம் ஒன்று இல்லை, ஏன்?" என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் டிக்கெட் போட்டுக் கொடுத்ததில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பல பேர் ஓடுதளம் சின்னது என்பார்கள், பயணிகள் போதாது என்பார்கள். இரண்டும் இல்லை மாப்ளே, காரணம் காகிதத்தில் இருக்கிறது.

ஒரு நாட்டு விமானக் கம்பெனி இன்னொரு நாட்டில் இறங்க வேண்டுமானால் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட வேண்டும். எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதெல்லாம் அதில் இருக்கும். துபாய்க்கு என்று ஒதுக்கியது இரு நாட்டுக் கம்பெனிகளுக்கும் தலா வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை. அது நிரம்பிப் பல வருஷம் ஆகிறது. அமீரகக் கம்பெனிகள் இறங்கலாம் என்ற ஊர்ப் பட்டியலில் திருச்சியும் இல்லை. கோவை இருக்கிறது, அதனால் ஷார்ஜாவில் இருந்து ஏர் அரேபியா அங்கே வருகிறது. நம் நாட்டுக் கம்பெனிக்கு இந்த ஊர்ப் பட்டியல் தடை இல்லை, எந்த ஊரில் இருந்தும் கிளம்பலாம். அதனால்தான் உனக்கு ஒன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இல்லாவிட்டால் கொழும்பு போய் மாறும் ஸ்ரீலங்கன்.

அப்படியானால் சிங்கப்பூர், மலேசியா விமானங்கள் மட்டும் எப்படி வந்து குவிகின்றன என்று கேட்பாய். 2003-இல் இந்திய அரசு ஆசியான் என்கிற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளுக்கு ஒரு சலுகை அறிவித்தது. 18 சுற்றுலாத் தலங்களுக்கு அந்த நாட்டுக் கம்பெனிகள் எத்தனை முறை வேண்டுமானாலும் பறக்கலாம் என்றது. அந்தப் பதினெட்டில் திருச்சியும் ஒன்று. ஸ்ரீரங்கமும் தஞ்சாவூரும் பக்கத்தில் இருக்கிற புண்ணியம் என்று நினைக்கிறேன். ஏர் ஏஷியா இந்தியாவுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்ததே நம்ம ஊரில்தான், 2008 டிசம்பரில், கோலாலம்பூரில் இருந்து. 2023 நவம்பரில் வியட்நாம் கம்பெனியான வியட்ஜெட் ஹோ சி மின் நகரில் இருந்து பறக்க ஆரம்பித்ததற்கும் வழி திறந்து வைத்தது அதே சலுகைதான். சுற்றுலாவுக்காகத் திறந்த கதவு அது. அதில் நுழைந்தவர்களில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போன நம்ம சனம் எவ்வளவு பேர்!

வளைகுடா கம்பெனிகளுக்கு ஏன் அப்படித் திறக்கவில்லை என்பதற்கு நம் கம்பெனிகள் ஒரு நியாயம் சொல்கின்றன. அவர்களை விட்டால் இங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களையும் துபாய் வழியாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். டெல்லிக்கும் மும்பைக்கும் அந்தப் பயம் சரியாகவே இருக்கலாம். ஆனால் புதுக்கோட்டையில் இருந்தும் பேராவூரணியில் இருந்தும் கிளம்புகிறவனுக்குத் துபாய்தான் கடைசி ஸ்டாப், அங்கேதான் அவன் வேலை. நியூயார்க் பயணியைப் பற்றிய பயத்துக்கு இவன் ஏன் ரம்ஜான் நேரத்தில் இரட்டைக் கட்டணம் கொடுக்க வேண்டும்? இந்த ஒரு விஷயத்தில் என்னால் சமாதானம் ஆகவே முடியவில்லை.

டெர்மினல் எப்படி என்று கேட்டிருந்தாய். உண்மையிலேயே அழகு. பிரதமர் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைத்தார், ஜூன் 11-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1,100 கோடிக்கு மேல் செலவு. வருஷத்துக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும் என்கிறார்கள், செக்-இன் கவுண்டர் மட்டும் 60. முகப்பில் கோயில் கோபுரத்தின் வண்ணங்கள், உள்ளே கோலம், ஸ்ரீரங்கம் என்று சுவரெல்லாம் ஓவியம். நீ முதல் தடவை போனபோது இருந்த நெருக்கடி நினைவிருக்கிறதா? இப்போது மூச்சு விட இடம் இருக்கிறது.

கட்டடம் மாறினாலும் வாசல் மாறவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் போய்ப் பார். வேனில் குடும்பமே வந்து இறங்கியிருக்கும். அட்டைப்பெட்டியை நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மார்க்கரில் பேரும் ஊரும் பெரிசாக எழுதியிருப்பார்கள். தராசில் இரண்டு கிலோ கூடிவிட்டால் அங்கேயே தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, ஊறுகாய் பாட்டிலையா புளியையா எதை எடுப்பது என்று அம்மாவும் மகனும் வாதாடுவார்கள். எல்லாம் ஏன் நடுராத்திரியில் என்றால், சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே சாயங்காலம் கிளம்பும் விமானம் நாலு மணி நேரத்தில் இங்கே வந்து, ஒரு மணி நேரத்தில் ஆளேற்றித் திரும்பினால் விடிகிற நேரத்துக்கு ஊர் போய்விடும். ராத்திரியில் விமானம் சும்மா நிற்காமல் சம்பாதிக்க அதுதான் வழி.

ஓடுதளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போது சுமார் 8,100 அடி. 737, ஏ320 மாதிரி நடுத்தர விமானங்களுக்குத் தாராளம். பெரிய விமானம் முழுப் பாரத்தோடு தூர தேசம் கிளம்ப நீட்டித்தாக வேண்டும், நிலம் எடுப்பது வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே இருக்கிறது. 2024 ஆயுத பூஜை அன்று சாயங்காலம் இங்கிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஒன்று ஹைட்ராலிக் கோளாறோடு (திரவ அழுத்தத்தில் இயங்கும் பாகங்களில் பழுது) வட்டமடித்ததே, நீ கூட பதறிப்போய் போன் செய்தாய். 141 பயணிகள். அது 737, அந்த வகையில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. முழு டாங்கோடு இறங்கினால் எடை அதிகம், ஓடுதளத்துக்குள் நிறுத்துவது சிரமம். அதனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலே சுற்றித்தான் பாரத்தைக் குறைத்தார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசை கட்டி நின்றன. மொட்டை மாடியில் நின்று அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டே கால் வாக்கில் பத்திரமாக இறங்கியது என்று தெரிந்ததும் தெருவே கைதட்டியது. அந்த விமானிகளை நான் இன்னும் நினைத்துக்கொள்வேன்.

நம்ம ஊர் பன்னாட்டு விமான நிலையம் என்று அறிவிக்கப்பட்டது 2012 அக்டோபரில்தான். ஆனால் 1938-லேயே டாட்டா கம்பெனி தன் தபால் விமானத்தைத் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டியிருக்கிறது. அப்புறம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை இங்கே தளம் வைத்திருந்தது. பன்னாட்டு நிலையம் என்ற பெயர் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே கடல் கடந்து பறந்த ஊர் இது. 2025 மார்ச் 30-இல் இண்டிகோ யாழ்ப்பாணத்துக்கும் பறக்க ஆரம்பித்துவிட்டது, சின்ன ஏடிஆர் விமானம். அங்கே சொந்தம் இருக்கிற என் வாடிக்கையாளர் ஒரு பெரியம்மா டிக்கெட்டை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

எம்.பி.க்கும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் நாங்கள் சில டிராவல்ஸ்காரர்கள் சேர்ந்து மறுபடி மனு தயார் செய்கிறோம். துபாயில் உன் அறையில் இருக்கிறவர்கள், தெரிந்தவர்கள் எந்த ஊர், கடைசியாக எந்த வழியில் வந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி வாங்கி அனுப்பு. வெறுமனே "விமானம் வேண்டும்" என்று கேட்பதைவிட அது எடுபடும். உன் லீவுத் தேதி முடிவானதும் உடனே சொல், கட்டணம் ஏறுவதற்குள் டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

உன்,
சேகர்